பகவதி டீச்சர் பழி தீர்த்த விதம்

"சாந்த சுபாவம் உடையவர். எவரிடத்தும் பகைமை பாராட்டாதவர். குழந்தைகள் மீது கொண்ட தூய அன்பு ஒன்றே இவரை வழிநடத்துகிறது. இவர் வகுப்பில் வாசிப்பு மிகவும் திருப்திகரம்."

1952-ஆம் வருஷம், சங்கரன்கோவில் ரயிலடிப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு வந்த டெபுடி இன்ஸ்பெக்டர், ந. பகவதி என்ற ஆசிரியையைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போன நான்கு வாக்கியங்கள் இவை. நான்காவது வாக்கியம் முழுக்க உண்மை. அதை அவர் தன் காதால் கேட்டு எழுதினார். முதல் மூன்றையும் தலைமையாசிரியை தேவமணி சொல்லச் சொல்ல எழுதினார். தேவமணியம்மாள் பொய் சொல்லாதவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாதவர். ஆனால் ஒருவர் எப்படி இருக்க வேண்டும் என்று தாம் ஜெபம் பண்ணினாரோ அப்படியே அவர் ஆகிவிட்டார் என்று நம்புகிற பழக்கம் அந்த அம்மாளுக்கு உண்டு.

பகவதி டீச்சர் ஐந்து வருஷம் ஒரே ஒரு ஆண்பிள்ளையை நினைத்துக்கொண்டு எழுந்து, அவரையே நினைத்துக்கொண்டு படுத்தவள். கல்யாணமாகாத பெண் என்பதால் யாரும் இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மனிதர் ஊர் பார்க்க மண்ணைக் கவ்வ வேண்டும் என்பதுதான் நினைப்பு.

அவர் பெயர் சங்கரநயினார். நூல் மூட்டைகள் வந்து இறங்குகிற கிட்டங்கியில் கணக்கர். யுத்தம் முடிந்தும் நூலுக்குக் கட்டுப்பாடு தீராத காலம். தறிக்காரர்கள் கிட்டங்கி வாசலில் வந்து உட்கார்ந்து, தங்கள் பங்கு நூல் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பார்கள். நூல் வருகிறதோ இல்லையோ, விருதுநகர் ரயிலில் பேப்பர் வந்துவிடும். சங்கரநயினார் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பேப்பரை இரண்டு கையாலும் அகல விரித்து வாசிப்பார். வெண்கலக் குரல். ஓர் இடத்திலும் தட்டாது, தடுமாறாது. மந்திரி பேசினால் மந்திரி குரல், போலீஸ்காரன் பேசினால் போலீஸ்காரன் குரல். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. ஆகவே பேப்பரில் என்ன இருக்கிறது என்பதைச் சங்கரநயினார்தான் முடிவு செய்தார். தமக்குப் பிடிக்காத வரிகளைத் தாண்டிப் போவார். செய்தி சப்பென்று இருந்தால் கொஞ்சம் உப்புப் போடுவார். அவராகச் சேர்த்தது எதுவானாலும் கடைசியில் "என்று நமது நிருபர் தெரிவிக்கிறார்" என்று கம்பீரமாக முடிப்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். நிருபரே தெரிவித்த பிறகு பேச என்ன இருக்கிறது?

பகவதி அதே தறிக்காரத் தெருப் பெண். தெருவில் டிரெயினிங் முடித்து வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆள். 1946-இல் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கிட்டங்கி வாசலில் கூட்டத்தைக் கண்டு, சங்கரநயினாரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றாள். நெசவாளர்கள் பொறுமை காக்க வேண்டும் என்று சர்க்கார் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அடுத்த வரிய விட்டுட்டியளே. அடுத்த மாசத்துலேந்து நூல் கூடுதலாக் குடுக்கப் போறாவன்னுல்லா போட்டிருக்கான்" என்றாள் பகவதி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வகுப்பில் பையன் வரியை விட்டால் வாய் தானாகச் சொல்லுமே, அந்தப் பழக்கம்.

கூட்டம் சிரித்தது. "கண்ணு மங்கிட்டு, டீச்சரம்மா" என்று சங்கரநயினாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பகவதி நம்பினாள். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அந்த வருஷத்தில் அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

அப்போது அவளுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருவர் நூல் விஷயமாகக் கிட்டங்கிக்கு வந்தார். அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் சங்கரநயினார் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"சங்கரன்கோவில் தறிக்காரத் தெருவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, தமக்குக் கணவராக வருகிறவர் இரு வேளையும் சமைக்க வேண்டும் என்றும், மாமியார் தினமும் சிலேட்டில் அரிச்சுவடி எழுதிக் காட்டிய பிறகே சாப்பாடு என்றும் நிபந்தனை விதித்திருப்பதாக நமது நிருபர் தெரிவிக்கிறார்."

மறுநாளே தட்டு திரும்பி வந்தது. மாமியாராக இருந்திருக்க வேண்டிய அம்மாள், பேப்பரில் பெயர் கெட்ட பெண் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

பகவதி கிட்டங்கிக்கு ஓடி அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து, தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்த அப்பா நாறும்பூநாதன் முன்னால் விரித்தாள். "பாருங்கப்பா. எங்கனயாவது இருக்கா? ஒரு வரி இருக்கா?"

அவர் பார்த்தார். "நான் பாத்து என்னத்தக் கண்டேன்? எறும்பு ஊந்த மாதிரி இருக்கு."

"நான் வாசிக்கேன், கேளுங்க."

"நீ வாசிப்ப. உம்மேல போட்டத நீயே வாசிப்பியாக்கும்?"

"தேவமணியம்மாளக் கூட்டிட்டு வாரேன்."

"அந்தம்மா ஒங்கூட வேல பாக்குதவ. உனக்காகச் சொல்லுவா." நாறும்பூநாதன் தறியில் அறுந்து கிடந்த ஒரு பாவு இழையை முடிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி, நெசமாச் சொல்லு. யாருகிட்டயும் வெளையாட்டாவாவது சொன்னியா? பேப்பர்காரனுக்கு உம்மேல என்ன விரோதம்?"

புளியங்குடி போனதில் பகவதிக்கு வருத்தம்தான். ஆனால் அந்த மாப்பிள்ளையை அவள் ஒருதரம்தான் பார்த்திருந்தாள். அதுவும் முழங்கால் வரை. அப்பாவின் இந்தக் கேள்வி அப்படி இல்லை. பெற்ற மகளையும் பேப்பரையும் தராசில் வைத்து, பேப்பர் பக்கம் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததுதான் தினமும் சோற்றோடு இறங்கியது.

ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கோவில் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்கள் சங்கரநயினாருக்குச் சொந்தக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், அவர்கள் பகவதிக்கு வேண்டியவர்கள். தெரு நம்ப வேண்டுமானால் தெருவின் சொந்தப் பிள்ளைகளே வாசித்துச் சொல்ல வேண்டும். தன் பிள்ளை பொய் சொல்லுது என்று எந்தத் தாயும் ஒப்புக்கொள்ள மாட்டாள். பகவதி அந்தப் பேப்பரை மடித்து, நிச்சயதார்த்தப் புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தாள். அதுவரை அவர்கள் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். அன்றைக்குப் பட்டாளமாகத் தெரிந்தார்கள்.

முதல் படையெடுப்பு கேவலமாக முடிந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரனான பெத்துராஜை, சங்கரநயினார் தோளுக்குப் பின்னால் நின்று கூடவே வாசித்துப் பார்க்கும்படி அனுப்பினாள். பெத்துராஜுக்கு எழுத்து அத்தனையும் தெரியும். "ச... ர்... சர்... க்... கா..." என்று அவன் சர்க்காரைப் பிடிப்பதற்குள் சங்கரநயினார் சர்க்காரை விட்டு மழைக்குப் போய், மழையை விட்டு டில்லிக்குப் போய்விட்டார்.

"என்னலே பொறத்தால நின்னு பல்லக் கடிக்க?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். "வே, நாறும்பூ, உம்ம மக பிள்ளையளுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்காளா, முறுக்குத் திங்கச் சொல்லிக் குடுக்காளா?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாறும்பூநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்றைக்குத்தான் பகவதிக்கு ஒன்று விளங்கியது. எழுத்து தெரிவது வேறு, வாசிப்பது வேறு. பேச்சு போகிற வேகத்துக்குக் கண் போகாவிட்டால், சங்கரநயினாரின் சுண்டுவிரலைக்கூடப் பிடிக்க முடியாது. போதாததற்கு, அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வாசிப்பதே இல்லை. இன்ஸ்பெக்டர் வருகிற நாளைக்காகப் பாடத்தை மனப்பாடம் செய்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒப்பித்தார்கள். ஒருத்தி தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கடைசி வரை ஒப்பித்து, கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

பகவதி மனப்பாடத்தை ஒழித்தாள். பலசரக்குக் கடையில் கடுகும் மிளகாயும் கட்டிக் கொடுத்த காகிதங்களைப் பிள்ளைகள் கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு போட்டாள். யாருக்கு எந்தத் துண்டு வரும் என்று தெரியாது, ஒப்பிக்க முடியாது. ஒரு துண்டை முதலில் அவள் வாசிப்பாள். பிள்ளைகள் அவள் குரலை விட்டு விலகாமல் பின்னாலேயே வருவார்கள். பிறகு அதையே திரும்ப, அதையே திரும்ப, நாக்கு வழியைப் பழகிக்கொள்கிற வரைக்கும். பழகியதும் துண்டைப் பிடுங்கிக்கொண்டு வேறு துண்டு.

"தறியில நூலச் சொமந்துக்கிட்டு நாடா ஓடுதத பாத்திருக்கியால? ஒவ்வொரு இழைக்கும் நின்னு, 'நீ யாரு, உன் பேரென்ன'ன்னு கேட்டுக்கிட்டா போகுது? ஒரே வீச்சுல அந்தப் பக்கம் போயிரும்லா? அப்பிடிப் போகணும் கண்ணு."

விரலை வைத்து வாசிக்கிறவன் விரலில் அடி விழுந்தது. வேகமாக வாசிக்கிறவளையும் திக்குகிறவளையும் தோளோடு தோள் உட்காரவைத்து, இரண்டு பேரும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒருத்தி தட்டினால் தோள்காரி சிரிக்கக் கூடாது. அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துக் கூடவே கூட்டிப் போக வேண்டும். இதைப் பார்த்த தேவமணியம்மாள் கண் கலங்கிவிட்டார். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிறது இல்லையா இது, பகவதி?" என்றார்.

"ஆமாக்கா. ஒருத்தியும் பின்னால தங்கிறக் கூடாது. ஆள் கொறைஞ்சிரும்."

"எதுக்கு ஆள்?"

பகவதி அடுத்த துண்டை எடுத்துப் பிள்ளைகளிடம் நீட்டினாள். தேவமணியம்மாளுக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. "அந்த மனுஷன மன்னிச்சிரேன், பகவதி" என்று மாதம் ஒருதரமாவது சொல்வார். "மன்னிக்கேன்க்கா. மொதல்ல அவரு கேக்கட்டும்" என்பாள் இவள். "அவரு எங்க கேக்கப் போறாரு?" "கேக்க வைக்கத்தான பாடுபடுதேன்."

பரீட்சை என்று எதுவும் வைக்கவில்லை. அதைத் தெருவே நடத்தியது. சாயங்காலம் தாய்மார் வீட்டில் ராட்டை வைத்து, நாடாவில் போடுகிற தாருக்கு நூல் சுற்றும்போது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய துண்டை வாசித்துக் காட்ட வேண்டும். அம்மா "என்னல சொன்ன?" என்று கேட்டால் வாசித்தது சரியில்லை, மறுநாளும் அதே துண்டுதான். அம்மா "அப்புறம்?" என்று கேட்டால் தேர்ச்சி. பிள்ளைகள் காலையில் ஓடிவந்து, "டீச்சர், எங்கம்மா ரெண்டு 'அப்புறம்' கேட்டா!" "எங்கம்மா ராட்டைய நிறுத்திட்டுக் கேட்டா டீச்சர்!" என்று கூவினார்கள். கடுகு கட்டிய காகிதத்தில் கொலை வழக்கு பாதியில் கிழிந்திருந்தால், மீதியைத் தேடி அம்மாக்கள் கடைக்கே போனார்கள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. அதற்குள் புளியங்குடிக்காரர் வேறு பெண்ணைக் கட்டிப் பிள்ளைகுட்டியோடு இருந்தார். பெத்துராஜ் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போய்விட்டான். பகவதி அவசரப்படவில்லை. ஒரு பிள்ளை போதாது. ஒன்றாக இருந்தால் உருட்டி மிரட்டிவிடுவார். ஒரு வரிசை வேண்டும்.

எங்கே உட்காரவைப்பது என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். சங்கரநயினார் பேப்பரை அகல விரித்து உள்பக்கத்தை வாசிக்கும்போது, வெளிப்பக்கம் எதிரே இருப்பவர்களைப் பார்த்துத் திறந்து கிடக்கும். இத்தனை வருஷம் அது எழுத்தறியாத முகங்களையே பார்த்துக் கிடந்தது. காலடியில் உட்காருகிற பிள்ளை, அவர் கடைசிப் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதை வாசித்து முடித்துவிடலாம்.

1951 சித்திரையில் ஒரு சாயங்காலம், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கிட்டங்கி வாசலில் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில், எல்லாரிலும் வேகமாக வாசிக்கிற முத்துமீனாள். சங்கரநயினாருக்கு ஒரே பெருமை. "பாத்தீரா வே, பொடியளுக்குக்கூட நம்ம வாசிப்புதான் பிடிக்குது" என்று கண்ணாடியைத் துடைத்தார். நாறும்பூநாதன் தூணோரம் உட்கார்ந்திருந்தார். பகவதி எதிர்த்தாற்போல வேப்பமரத்தடியில் நின்றாள். தட்டு மாற்றிய நாளுக்குப் பிறகு ஒருநாள்கூடக் கட்டாத நிச்சயதார்த்தப் புடவையை அன்றைக்குக் கட்டியிருந்தாள்.

சங்கரநயினார் உள்பக்கத்தை வாசித்தார். பிள்ளைகளின் கண்கள் வெளிப்பக்கத்தில் மேலும் கீழுமாக ஓடின, உதடு அசையவில்லை. பிறகு அவர் பேப்பரைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அந்த வாரம் வந்த நூல் மட்டமாக இருக்கிறது என்று தறிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அவரிடம் செய்தி இருந்தது.

"நூல் தரக்குறைவு என்று வீண் புகார் கிளப்புகிறவர்களுக்கு மறுமாதம் முதல் நூல் நிறுத்தப்படும் என்று நமது நிருபர் தெரிவிக்கிறார்."

"அண்ணாச்சி," என்றாள் முத்துமீனாள். "நிருபர் அதச் சொல்லலியே. தென்காசிப் பக்கம் பாலம் இடிஞ்சதத்தான சொல்லுதாரு?"

கூட்டத்தில் ஒரு கிழவர், "ஏட்டி, சும்மா கெட. பெரியவுக வாசிக்கையில என்ன கொழுப்பு?" என்று அதட்டினார். மூன்று நான்கு பிள்ளைகள் ஒரே சமயத்தில் அந்தப் பாலச் செய்தியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசிப் பக்கம் இப்போது சங்கரநயினார் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் பார்த்தது கண்ணில் நின்றது.

சங்கரநயினாருக்கு முகம் கறுத்தது. பிறகு சிரித்தார். அவருக்கு இந்தப் பள்ளிக்கூடத்து வித்தை தெரியும். "டீச்சரம்மா காலையிலயே பேப்பர் வாங்கி நெட்டுரு போட வச்சிருக்காவளாக்கும்? இந்தா, நானா ஒரு எடத்தக் காட்டுதேன். வாசி பாப்போம், சவத்து மூதி!" உள்பக்கத்தில் ஒரு மூலையை மடித்து நீட்டினார்.

முத்துமீனாள் எழுந்து நின்று வாசித்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறுத்தை மாட்டுத் தொழுவத்துக்குள் புகுந்த செய்தி. எங்கேயும் நிற்கவில்லை. சிறுத்தை வந்த இடத்தில் குரல் தாழ்ந்தது. கதவைச் சாத்திய இடத்தில் படபடத்தது. வீட்டுக்காரி உலக்கையை எடுத்த இடத்தில் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது.

தூணோரம் இருந்த நாறும்பூநாதன்தான்.

பகவதி மரத்தடியிலிருந்து வந்தாள். அந்தப் பழைய பேப்பரைச் சங்கரநயினார் மடியில் விரித்தாள். "அண்ணாச்சி, இதையும் ஒருதரம் வாசிச்சிருங்க. புளியங்குடிக்காரவுக வந்திருந்த அன்னைக்குள்ள பேப்பர். மேல தேதிலேந்து கீழ அச்சடிச்சவன் பேரு வரைக்கும், ஒரு எழுத்து விடாம. பிள்ளையள் கூடவே பாத்துக்கிடும்."

"அதெல்லாம் எதுக்கு இப்பம்..."

"வாசியும் வே" என்றார் நாறும்பூநாதன்.

அது காகிதப் பஞ்ச காலத்துப் பேப்பர்; நாலே பக்கம். பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். முதல் பக்கத்தை அவர் வழக்கம் போல முழங்கினார். இரண்டாம் பக்கத்தில் குரல் இறங்கியது. மூன்றாம் பக்கத்தில், வாழ்க்கையிலேயே முதல்தரமாக, அவர் தட்டினார். தட்டியதும் அவர் தோளருகே நின்ற பிள்ளை அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. வகுப்புப் பழக்கம், தட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர் மறுபடியும் தட்டினார்; அடுத்த பிள்ளை எடுத்துக் கொடுத்தது. அவர்கள் கேலி செய்திருந்தால் ஓங்கி ஒரு அறை கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பார். அவர்களோ பிரியமாக, விடாமல், கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி, அவரைக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். ஆசிரியை வரவில்லை. மாமியார் வரவில்லை. சிலேட்டு வரவில்லை. அச்சடித்தவன் பெயர்தான் வந்தது.

"முடிஞ்சிட்டா?" என்றார் நாறும்பூநாதன்.

"முடிஞ்சிட்டு மாமா" என்றாள் முத்துமீனாள்.

சங்கரநயினார் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா... அன்னைக்கு ஒரு வெளையாட்டுக்கு..."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷங்களிலும் தாங்கள் கேட்ட ஒவ்வொரு நிருபரையும் ஒவ்வொருவரும் மனசுக்குள் திரும்ப விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவரை விட்டுக் கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து போனது.

நாறும்பூநாதன் மகள் பக்கத்தில் வந்து நின்றார். புடவையைப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாம்லா மக்கா?"

"சொன்னேனேப்பா."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பகவதி அழவில்லை. அவளுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. பழி வாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று தேவமணியம்மாள் எச்சரித்திருந்தார். அப்படி எதுவும் ஆகவில்லை. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு கிட்டங்கி வாசலில் பிள்ளைகள் முறை வைத்துப் பேப்பர் வாசித்தார்கள். அடுத்த ஆனியில் சங்கரநயினார் தம் கடைக்குட்டி மகள் கோமதியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "இவளுக்கும் அந்தப் பிள்ளையள் மாதிரி வாசிக்கச் சொல்லிக் குடுங்க, டீச்சரம்மா" என்றார். தேவமணியம்மாள் பகவதியைப் பார்த்தார். பகவதி புன்னகை செய்து, பிள்ளையின் தலையைத் தடவி, முன்வரிசையில் உட்காரவைத்தாள். தேவமணியம்மாள் இதைத்தான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் அந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னார்.

பகவதி கோமதிக்கு வேறு எந்தப் பிள்ளைக்கும் எடுக்காத சிரமம் எடுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் அந்தக் குட்டி வீட்டில் அப்பா எதை வாசித்தாலும் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பா, ஒரு வரிய விட்டுட்டிய" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பகவதி டீச்சர் செய்தது இதுதான்: ஒரு மனிதரைப் பொய்யர் என்று தன் அப்பாவுக்கு நிரூபிப்பதற்காக, தறிக்காரத் தெருப் பிள்ளைகளுக்கு எங்கேயும் நிற்காமல் வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள்.